தீபத்துக்கு லீவு விட்ட புரோக்கர்

அத்தியாயம் 9

"பேரை மட்டும் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான் விமல்ராஜ்.

இதை அவன் மூன்றாவது முறையாகச் சொல்கிறான். போன வாரம் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. முந்தாநாள் கோபமாகச் சொன்னான். இன்றைக்கு இரண்டும் இல்லை. பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னான். துப்பறியும் தொழிலில் பதினோரு வருடம் கழித்த பலராமனுக்கு இந்தக் குரல்தான் பிடிக்கவில்லை.

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம். மேஜைமேல் விமல்ராஜ் கொண்டுவந்த அட்டைப்பெட்டி. அவன் அப்பா சக்கரபாணியின் இருபத்தேழு லட்சம் போன வழியெல்லாம் அதற்குள் காகிதமாக இருந்தது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுப் பணத்தைப் பங்குகளில் போட விரும்பினார். நன்றாக விசாரித்து, 'நேர்கோடு செக்யூரிட்டீஸ்' என்ற ஆன்லைன் புரோக்கரிடம் கணக்குத் தொடங்கினார். அப்படி ஒரு புரோக்கரே இந்தியாவில் இல்லை என்பது, போட்ட பணத்தைத் திருப்பி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

"அப்பா இப்போ பேசறதே இல்ல சார். தட்டு வச்சா சாப்பிடறார். பேரன் மடியில ஏறினா இறக்கி விடறார். ஒரு வார்த்தை கிடையாது. அவரை இப்படி ஆக்கின ஆளு பேரு எனக்கு வேணும். ரெண்டு பேரைப் பேசி வச்சிருக்கேன். அட்வான்ஸும் குடுத்தாச்சு."

"எதுக்கு அட்வான்ஸ்?"

"விரலுக்கு. அந்த ஆளு இனிமே எந்த பட்டனையும் அமுக்கக் கூடாது. பத்தும் போகணும்."

பலராமன் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தீபமலை, உச்சியில் மேகத்தோடு நின்றது.

பக்கத்து மேஜையிலிருந்து அவருடைய உதவியாளர் ரூக்ஸார் எட்டிப் பார்த்தாள். முப்பது வயது. இங்கே வருவதற்கு முன் ஒரு பங்கு புரோக்கர் கம்பெனியின் கால் சென்டரில் இரண்டு வருடம் போன் பேசியவள். அந்த இரண்டு வருடத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது பேசித் தீர்க்கிறாள் என்பது பலராமனின் கணக்கு.

"சார், நீங்க வாயைத் திறந்து நாலு நிமிஷம் ஆச்சு. வீட்லயும் பேசாத ஆளு, இங்கயும் பேசாத ஆளுன்னு அவர் பீஸைத் திருப்பிக் கேட்டுடப் போறார்."

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று விமல்ராஜிடம் கேட்டார் பலராமன்.

"புகார் எழுதி எடுத்துட்டு வந்தேன். அப்பா கையெழுத்துப் போடல. பேனாவை மூடி என் பாக்கெட்லயே சொருகிட்டார்."

"பேச்சை நிறுத்தினது எந்தத் தேதி?"

"மே பதினாலு. என் கல்யாண நாள், அதான் ஞாபகம். பணம் வராதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சிருக்கும்."

பலராமன் எழுந்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வீட்ல இருங்க. பேரு தெரிஞ்சா அங்க வந்து, உங்க அப்பா எதிர்லதான் சொல்வேன்."

"ரெண்டு பேரையும் ரெடியா இருக்கச் சொல்றேன்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான் விமல்ராஜ்.

பழி என்பது பலராமனுக்குத் தெரியாத சரக்கில்லை. போலீஸ் வேலையிலிருந்து அவரைப் பொய் சாட்சி சொல்லி வெளியேற்றிய ஒரு மனிதரை ஒன்பது வருடம் மனதுக்குள் தினமும் தூக்கில் போட்டவர் அவர். ஒருநாள் அந்த மனிதர் நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்ட அன்று பலராமன் அழுதார். இறந்தவருக்காக அல்ல.

"விரலாம்" என்றாள் ரூக்ஸார். "மோதிரத்துக்கு அளவு குடுக்கற மாதிரி சொல்லிட்டுப் போறார்." பெட்டியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். "இதைப் பாத்தீங்களா? பெரியவர் புரோக்கர் தேடின அழகு."

சிவப்பு மையில் கட்டம் போட்ட நோட்டு. இடது பக்கம் ஏழு புரோக்கர்களின் பெயர். மேலே பத்துத் தேவைகள். கமிஷன் எவ்வளவு, வருடக் கட்டணம் எவ்வளவு, கேட்ட பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று ஊர் உலகம் கேட்பது நாலைந்து. மற்றவை சக்கரபாணியே கண்டுபிடித்தவை. போனில் தமிழ் பேசும் ஆள் இருக்க வேண்டும், மெஷின் பேசக் கூடாது. பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் மட்டும்தான் கூப்பிட வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். சூதாட்டம் போன்ற வகை வியாபாரத்துக்கான பட்டனே திரையில் தெரியக் கூடாது, தவறிப்போய் விரல் படலாம். ஒவ்வொரு நாள் கணக்கும் அன்றன்று தமிழில் வர வேண்டும்.

"நான் அந்தத் தொழில்ல இருந்தவ சார். கமிஷன் கம்மியா வாங்கறவன் போன் எடுக்க மாட்டான். போன் எடுக்கறவன் கமிஷன் ஜாஸ்தி வாங்குவான். ஆப் நல்லா இருந்தா கஸ்டமர் கேர் அழுது வடியும். அஞ்சு பொருந்தினாலே கல்யாண மேளம் சொல்லிடலாம். மத்த ஆறு பேரும் நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்காங்க பாருங்க. இந்த நேர்கோடு மட்டும் பத்துக்குப் பத்து. இது மாப்பிள்ளை பாத்த கதை இல்ல. அளவு குடுத்து மாப்பிள்ளை தச்ச கதை."

பலராமன் நோட்டின் பின்னட்டையைப் புரட்டினார். ஸ்டேப்ளர் அடித்த ரிஜிஸ்டர் தபால் ரசீதுகள். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆப் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலா?" என்று சிரித்தாள் ரூக்ஸார்.

"ஆயுசு பூரா கடிதத்தால வேலை செஞ்ச மனுஷன். கையால எழுதி, டைப் அடிக்கக் குடுத்து, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கி வச்சிருக்கார். பத்துத் தேவையும் எழுதி, யார் யாரால முடியும்னு கேட்டிருக்கார்." பலராமன் ரசீதுகளை அவள் பக்கம் தள்ளினார். "ஆறு ரசீது. நோட்டுல ஏழு பேரு. நேர்கோட்டுக்கு அவர் எழுதவே இல்ல. அவங்களேதான் ஈமெயில்ல வந்து, உங்க பத்துத் தேவையும் எங்களால முடியும்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பத்தும் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரூக்ஸாரின் சிரிப்பு நின்றது. "கடிதத்தைப் படிச்ச எவனோ."

"அந்த எவனோ எந்த ஊரு?"

"அது இங்க இருக்கு சார்." தினக்கணக்குத் தாள்களில் ஒன்றை உருவினாள். "நேர்கோடு விலையெல்லாம் நிஜ மார்க்கெட் விலைதான். தினம் யாரோ உக்காந்து பாத்துப் பாத்து ஏத்தியிருக்காங்க. ஒரே ஒரு நாள் தப்பு. போன டிசம்பர், வெள்ளிக்கிழமை. மார்க்கெட் ஓடின நாள். இதுல 'இன்று சந்தை விடுமுறை'ன்னு போட்டிருக்கு."

"அன்னிக்கு என்ன?"

"கார்த்திகை தீபம். பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் லீவு, நம்ம ஜில்லாவே லீவு. மும்பைல தீபத்துக்கு எவன் சார் லீவு விடுவான்? இந்தத் தாளை பெரியவரும் படிச்சிருக்கார், அவருக்கும் வித்தியாசமாத் தெரியல. அவரும் இந்த ஊர்தானே."

டைப் செய்த கடித நகலைப் பலராமன் திருப்பினார். பின்பக்கம் குண்டூசியில் ஒரு சின்ன பில். 'மஸ்தான் கம்ப்யூட்டர் டைப்பிங், செங்கம் ரோடு.'

நல்லவேளை, விமல்ராஜ் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

ரமணாசிரமத்தைத் தாண்டி, காபிக் கடைக்கும் யோகா துணிக் கடைக்கும் நடுவே இருந்தது அந்தக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். அறை வாடகைப் படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வெளியே போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், தலையில் முக்காடு, விசைப்பலகையைப் பார்க்காமலே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லைசென்ஸில் வஜீதா என்றிருந்தது.

"ஒரு கடிதம் அடிக்கணும்மா. நான் சொல்லச் சொல்ல அடிங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார் பலராமன்.

"சொல்லுங்க."

அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. சக்கரபாணி பணத்தைத் திருப்பிக் கேட்ட ஒவ்வொரு முறையும் நேர்கோடு அனுப்பிய பதிலின் முதல் பாதியை, வரும் வழியில் மனப்பாடம் செய்திருந்தார்.

"பார்வையில் காணும் தங்கள் கடிதம் தொடர்பாக, கீழ்க்கண்ட ஆவணம் இணைக்கப்படாததால்..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.

விரல்கள் நிற்கவில்லை. அவர் சொல்லாத சொற்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. 'தங்கள் கோரிக்கையை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் வஜீதா தன் கைகளைப் பார்த்தாள்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"டீ சொல்லட்டுமா?" என்றாள் வஜீதா. குரலில் நடுக்கம் இல்லை. "பெரியவர் அனுப்பினாரா?"

"அவர் பேசறதே இல்லை."

"அப்படியா?" அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதைப் பார்த்த பலராமன் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவர் ஒன்பது வருடம் காத்திருந்தார்.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து வைத்தாள். அதற்குள் கடிதங்கள். எல்லாம் ஒரே கம்பெனித் தாள், ஒரே கையெழுத்து. 'சக்கரபாணி.'

"இந்தக் கடைப் பேரு இருக்கே, மஸ்தான், என் வீட்டுக்காரர். லாரி பாடி கட்டற பட்டறைல வெல்டர். ரெண்டாயிரத்துப் பதிமூணுல வண்டி மோதிப் போயிட்டார். நாலு லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருந்திச்சு. மனு குடுத்தேன். போலீஸ் ரிப்போர்ட் காப்பி கேட்டார். குடுத்தேன். அப்பறம் வாரிசு சர்டிபிகேட். குடுத்தேன். அப்பறம் கையெழுத்து பொருந்தலன்னார். ஒரு தடவைக்கு ஒரு பேப்பர். எல்லாத்தையும் ஒண்ணாக் கேட்டா ஒரு மாசத்துல முடிஞ்சிடும் இல்ல? இருபத்து மூணு லெட்டர். அஞ்சு வருஷம். கடைசிக் கடிதாசு, காலம் கடந்துடுச்சு, கோப்பை மூடிட்டோம்னு."

ரூக்ஸார், வீட்டில் மூத்தவளைக் கூப்பிடுவதுபோல, "ஆபா, லஞ்சம் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டிருந்தா வளையலை வித்துக் குடுத்திருப்பேன்மா. அந்த ஆளு ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல. பணம் வெளிய போகாம பாத்துக்கிட்டா ஆபீஸ்ல நல்ல பேரு, அவ்ளோதான்." வஜீதா கடிதங்களைத் தட்டி அடுக்கினாள். "எனக்கு அப்போ தமிழ் படிக்க வராது. வீட்ல உருதுதான். பையன் சாகிலுக்குப் பன்னெண்டு வயசு, அவன்தான் ஒவ்வொண்ணையும் படிச்சுக் காட்டுவான். இதுக்குப் பதில் போடறதுக்காகத்தான் நான் தமிழ் கத்துக்கிட்டேன். டைப் கத்துக்கிட்டேன். போன வருஷம் ஒருநாள் அவரே கடைக்குள்ள வந்தார். போர்டைப் படிச்சுட்டுத்தான் வந்தார். ஒண்ணும் தெரியல அவருக்கு. கைல எழுதின பேப்பரை நீட்டினார். புரோக்கர் வேணுமாம், பத்துத் தேவையாம். அடிச்சுக் குடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லையேம்மா, எங்க படிச்சேன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களை மாதிரி பெரியவங்க கிட்டதான்னேன். சந்தோஷமா போனார்."

சாகில் இப்போது சென்னையில் ஆப் எழுதும் வேலையில் இருக்கிறான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்கோட்டைக் கட்டிக் கொடுத்தான். உலகத்திலேயே ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகக் கட்டிய ஆப். பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே தமிழில் போன் பேசியது வஜீதாவின் தங்கை. விலை ஏற்றியது வஜீதா.

"தீபத்தன்னிக்கு லீவு விட்டுட்டீங்களே ஆபா" என்றாள் ரூக்ஸார்.

"அன்னிக்கு இந்த ரோட்ல ஷட்டரைத் தூக்க முடியுமா? நான் பொறந்ததுலேர்ந்து அன்னிக்கு லீவுதான். மும்பைல கடை திறந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"இருபத்தேழு லட்சம் எங்க?" என்றார் பலராமன்.

"பேங்க்ல. ஒரு ரூபா எடுக்கல. அவர் திருப்பிக் கேட்டார். கேன்சல் பண்ண செக் அனுப்புங்கன்னேன். அனுப்பினார். அட்ரஸ் ப்ரூப். அனுப்பினார். கையெழுத்து பொருந்தலன்னேன். உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் கேட்டேன், அதையும் வாங்கி அனுப்பினார். மே பதினாலாம் தேதி கடைசியா ஒரு மெயில் போட்டேன். கோப்பு எண் 417, வருஷம் 2013. அதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்க கையால ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க, பணம் வரும். அவ்ளோதான் கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் வரல."

மே பதினாலு. பலராமன் மெல்ல நிமிர்ந்தார். அந்த மெயில் மட்டும் அட்டைப்பெட்டியில் இல்லை. பணம் போனதற்காக சக்கரபாணி வாயை மூடவில்லை. அது எங்கே இருக்கிறது, எப்படி வாங்குவது என்று தெரிந்த அன்றுதான் மூடியிருக்கிறார். போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடாததற்கும் அதுதான் காரணம். ஒரு பக்கம் எழுதுவதைவிட இருபத்தேழு லட்சத்தை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"அவர் பையன் ரெண்டு ஆளுங்களை ஏற்பாடு பண்ணியிருக்கான்மா. உங்க விரலைக் கேட்டு."

வஜீதா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவங்கப்பா எடுத்ததுல மிச்சம் இந்தப் பத்துதான். வந்து கேக்கட்டும்."

"அவர் எழுதிக் குடுத்துட்டா?"

"படிப்பேன். கையெழுத்து பொருந்தலன்னு திருப்பி அனுப்புவேன். அடுத்ததுல தேதி சரியில்லம்பேன். அதுக்கடுத்ததுல ரெண்டு சாட்சி கையெழுத்து கேப்பேன். இருபத்து மூணாவதுதான் செல்லும். அன்னிக்கே முழுப் பணமும் போகும். எனக்கு அவர் சொன்ன மாதிரி காலம் கடந்து போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வித்தியாசம் வேணும் எனக்கு."

கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

ஆறு மணிக்கு சக்கரபாணி வீட்டு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை கார் நின்றது. முன் சீட்டில் இரண்டு பேர் பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள், கூடத்து நாற்காலியில் பெரியவர். மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?" என்றான் விமல்ராஜ்.

பலராமன் கோப்பைப் பெரியவரின் மடியில் வைத்தார். "உங்க அப்பாவுக்குத் தெரியும். கேளுங்க."

சக்கரபாணி கோப்பைத் திறந்தார். முதல் கடிதத்தை விரலால் தடவினார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வாய் திறந்தது. குரல் துருப்பிடித்திருந்தது.

"கோப்பு எண் 417, வருஷம் 2013."

விமல்ராஜ் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா... யாருப்பா அது? பேரைச் சொல்லுங்க."

பெரியவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. உண்மையாகவே யோசித்தார். "பேரு ஞாபகம் இல்ல" என்றார். "விதிப்படிதான் கேட்டேன்."

விமல்ராஜ் கோப்பை இழுத்துத் தரையில் பரப்பினான். ஒன்றாவது கடிதம். இரண்டாவது. தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனான். பதினொன்றாவதில் நிறுத்தி, அதோடு குண்டூசி குத்தி ஆபீஸ் திருப்பி அனுப்பியிருந்த மனுவை எடுத்தான். அதில் ஒரு சின்னப் பையனின் கோணல் எழுத்து. 'ஐயா, என் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இன்னும் என்னென்ன பேப்பர் வேணும்னு மொத்தமாச் சொல்லுங்க ஐயா.' அதன் ஓரத்தில் சிவப்பு மையில், நோட்டில் கட்டம் போட்ட அதே கை, 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டிருந்தது.

அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. போனை எடுத்தான்.

"கிளம்புங்க. வேணாம். அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும்."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ரூக்ஸார் மூச்சு விட்டாள். பலராமன், வஜீதா கேட்ட ஒரு பக்கத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னார். விமல்ராஜ் எழுந்துபோய் ஒரு தாளையும் அட்டையையும் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தான். பேனாவின் மூடியை அவனே கழற்றினான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பருப்பு விலை சொல்லும் அந்த மூன்றாவது குரல் திரும்பியிருந்தது.

"எழுதுங்க. முடிக்கற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

"யாருக்குன்னு போடறது?" என்றார் சக்கரபாணி.

விமல்ராஜ் பலராமனைப் பார்த்தான்.

"வஜீதா" என்றார் பலராமன். "மஸ்தானோட மனைவி."

பேனா நகர ஆரம்பித்தது. கால் மணி நேரம். அரை மணி நேரம். ஒரு பக்கம் நிறைந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார் பெரியவர்.

"இதோட முடிஞ்சுது இல்ல சார்?" என்றான் விமல்ராஜ்.

"அவங்க படிச்சுப் பாத்துட்டு சொல்வாங்க" என்றார் பலராமன்.

சக்கரபாணியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. முப்பத்தாறு வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன பதில் அது. பலராமனைப் பார்த்தார்.

"எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"இருபத்து மூணு."

விமல்ராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அலமாரி வரை நடந்துபோனார். பிரிக்காத வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து வந்து, மேஜைமேல் வைத்தார்.